இசைவாணர் குந்தன் லால் சைகல்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். யாம் எடுத்துக்கொண்ட பெயரைக் கேட்டதும் அவர்கள் சற்றே தயங்கியது உண்மை. அவர் தமிழர் அல்லர், புலவர் அல்லர், சிறை சென்ற தேசத் தொண்டரும் அல்லர். சினிமாவில் பாடியவர், அதிலும் குடியினால் மெலிந்து நாற்பத்திரண்டாம் வயதில் மாண்டவர். இத்தகையவரின் வரலாறு நம் பிள்ளைகள் படிக்கும் மலருக்கு ஏற்றதாகுமா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வினவினார். அவ்வினா நியாயமானதே. எனினும் கரக்பூரில் இரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து இன்று நாற்பதைக் கடந்து நிற்கும் எம் போன்றோரின் செவியில் தாலாட்டுக்கு அடுத்தபடியாக விழுந்த குரல் எதுவென்று எண்ணிப் பார்த்தால், அது குந்தன் லால் சைகலின் குரலே. மேலும், அவரும் ஒரு காலத்தில் இருப்புப்பாதையில் டைம் கீப்பராகக் கூலி வாங்கியவர். நம்மவர் என்று உரிமை கொண்டாட இதுவே போதுமன்றோ?

கொழும்பிலிருந்து ஒலிபரப்பிய இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் காலை ஏழரை மணிக்குப் பழைய திரைப்படங்களின் பாடல்கள் வரும். எட்டு மணி அடிக்க இரண்டு மூன்று நிமிடம் இருக்கையில் கடைசிப் பாடலாகச் சைகலின் பாட்டு ஒன்று வைக்கப்படும். ஆண்டுக்கணக்கில் இவ்வழக்கம் மாறவில்லை. எம் தந்தையார் சன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி முகச்சவரம் செய்து, நீராடி, திருநீறு அணிந்து, அந்தக் குரல் எழும்பும்போது காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பார். அன்னையார் தயிர்சாதப் பாத்திரத்தை மூடுவார். யாம் பள்ளிப் பையைத் தோளில் மாட்டுவோம். பாட்டு முடிந்தால் மூவரில் இருவர் வாசற்படியைத் தாண்டியிருக்க வேண்டும். அந்நாளில் எம் வீட்டில் கடிகாரத்தை எவரும் நோக்கியதில்லை. பாட்டின் பொருள் எமக்குத் தெரியாது. தந்தையாருக்கும் முழுதும் தெரியாது. அவர் கற்ற இந்தி குட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணுவதற்குப் போதுமானது. உருதுக் கவிதைக்குப் போதாதது. ஆயினும் அந்தப் பாட்டு நடக்கும் மூன்று நிமிடமும் அவர் முகம் மழித்த சுத்தத்தோடு ஒருவிதமாகத் தெளிந்து காணும். இன்றும் எங்கேனும் அக்குரல் கேட்டால் எமக்கு முதலில் வருவது இசையன்று. சவர சோப்பின் மணமும் சூடான சாதத்தில் தயிர் விழும் மணமுமே.

நிற்க. வரலாற்றுக்கு வருவோம்.

சைகல் 1904ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் ஜம்மு நகரில் பிறந்தார். தந்தையார் அமர்சந்த், ஜம்மு காஷ்மீர் மகாராஜாவின் அரசில் தாசில்தார் பதவி வகித்தவர். கணக்கும் கட்டளையுமாக வாழ்ந்த அவருக்கு மகனின் பாட்டு உவப்பானதன்று. அன்னையார் கேசர் பாய் பக்தி மிக்கவர். பஜனை நடக்கும் இடங்களுக்கெல்லாம் சிறுவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வார். சைகலுக்கு முறையான குரு எவரும் வாய்த்ததில்லை. அன்னை பாடக் கேட்டதும், கோயில் வாசலிலும் தெருவிலும் பாடியோர் பாடக் கேட்டதுமே அவருடைய பாடசாலை. ஜம்முவில் நடந்த ராமலீலையில் சீதை வேடம் தரித்துப் பாடிய சிறுவனை ஊரார் நெடுநாள் நினைவில் வைத்திருந்தனர்.

பதின்மூன்று பதினான்கு வயதில் எல்லாச் சிறுவர்க்கும் நேர்வது அவருக்கும் நேர்ந்தது; குரல் உடைந்தது. பிற பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள். சைகலோ தம் உடைமை அனைத்தையும் இழந்தவர்போல் வாய் மூடி இருந்தாராம். பின்னர் திரும்பி வந்த குரல் பழைய குரல் அன்று. கீழ்க்குரலில் நின்று, மூக்கின் வழியே சற்றே கசிந்து, சொல்லின் கடைசி எழுத்தில் மெல்ல அமரும் அந்தக் குரலைத்தான் பின்னாளில் நாடே பிரதி செய்ய முயன்றது.

பள்ளிப் படிப்பை முடிக்காமலே வீட்டை விட்டு வெளியேறினார். இருப்புப்பாதையில் டைம் கீப்பர் வேலை பார்த்தது அந்நாளில்தான். டைம் கீப்பர் என்பவரின் பணி என்னவென்று நம் பிள்ளைகள் கேட்கக்கூடும். தொழிலாளர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று ஏட்டில் பதிவது. அதைக் கொண்டே கூலிக் கணக்குப் போடப்படும். பிறர் நேரத்தைப் பதிந்துகொண்டு உட்கார்ந்திருந்த அந்த இளைஞர் தம் நேரம் வருமென்று நினைத்தாரோ இல்லையோ, யாம் அறியோம். பின்னர் ரெமிங்டன் நிறுவனத்தின் தட்டச்சுப் பொறிகளை விற்கும் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தார். வடநாட்டின் பல நகரங்களையும் அவருக்குக் காட்டியது அந்த வேலை. சென்ற இடமெல்லாம் ஒரு ஹார்மோனியம் அகப்பட்டால் உட்கார்ந்துவிடுவார் என்று சொல்வார்கள். அலைச்சல் இறுதியில் அவரைக் கல்கத்தாவில் கொண்டு சேர்த்தது.

கல்கத்தாவில் பி. என். சர்க்கார் என்பவர் 1931ஆம் ஆண்டு நியூ தியேட்டர்ஸ் என்னும் படக்கம்பெனியைத் தொடங்கியிருந்தார். அதன் இசைத்துறைக்குத் தலைவராயிருந்தவர் ராய்சந்த் போரல். தட்டச்சுப் பொறி விற்பவரின் பாட்டைக் கேட்ட போரல் அவரைக் கம்பெனிக்குள் கொண்டுவந்தார். மாதச் சம்பளம் 200 ரூபாய் என்பர். 1932ஆம் ஆண்டில் அவர் நடித்த மூன்று படங்களும் அடுத்தடுத்துத் தோல்வியுற்றன. வேறொரு முதலாளியாயின் கணக்கைத் தீர்த்து அனுப்பியிருப்பார். சர்க்கார் பொறுத்திருந்தார். 1933இல் வெளிவந்த பூரண் பகத் படத்தில் சைகல் கதாநாயகர்கூட அல்லர். ஆயினும் அவர் பாடிய நான்கு பஜனைப் பாடல்கள் படத்தையே தூக்கி நிறுத்தின. இதற்கிடையில் இந்துஸ்தான் கம்பெனி வெளியிட்ட அவருடைய இசைத்தட்டும் நாடெங்கும் விற்றது. 1934இல் சண்டிதாஸ் வந்தது. அதற்கடுத்த ஆண்டு வந்ததே தேவதாஸ்.

சரத் சந்திரரின் அந்த நாவலை நம்மில் படியாதவர் இருக்கலாம். கதையை அறியாதவர் இல்லை. பிரமதேஷ் பருவா 1935இல் அதை வங்காளியிலும் இந்தியிலும் எடுத்தார். வங்காளியில் தாமே தேவதாஸாக நடித்தார். இந்தியில் சைகல் நடித்தார். காதலித்த பெண்ணை மணக்கும் துணிவின்றி, பின்னர் குடித்தே அழியும் ஒரு ஜமீன் வீட்டுப் பிள்ளையின் வேடம். அழுது அரற்றி நடிக்கும் நாடக வழக்கம் ஓங்கியிருந்த காலத்தில் சைகல் அதில் பேசுவதுபோலப் பாடினார். படம் வந்தபின் வடநாட்டில் இளைஞர் பலர் காரணமின்றியே சோகமாகத் திரிந்தனர் என்று வயதானோர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அதே ஆண்டு சைகலுக்குத் திருமணமும் நடந்தது. மனைவியார் பெயர் ஆஷா ராணி.

இவ்விடத்தில்தான் எம் குடும்பத்து வழக்கு ஒன்று குறுக்கிடுகிறது. தேவதாஸ் தமிழிலும் வெளிவந்தது என்றும், அதில் சைகல் தமிழிலேயே பாடினார் என்றும் எம் தந்தையார் சாதிப்பார். கும்பகோணத்தில் அவருடைய தந்தையார் அந்தப் படத்தைப் பார்த்து வந்து சொன்னாராம். அண்டை வீட்டு வங்காள அன்பரும் எதிர்வீட்டுத் தெலுங்கு டிக்கெட் பரிசோதகரும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். தென்னாட்டார்க்கு எதையும் தமது என்று கூறாவிட்டால் உறக்கம் வராது என்பது அவர்கள் கட்சி. தந்தையார் கல்கத்தா செல்லும்போதெல்லாம் பழைய இசைத்தட்டுக் கடைகளில் ஏறி இறங்கி அதைத் தேடினார். கிடைக்கவில்லை. வழக்கு தீர்ப்பின்றியே கிடந்தது.

சைகலின் புகழ் அதன்பின் ஆண்டுதோறும் வளர்ந்தது. 1937இல் வந்த பிரசிடெண்ட் என்னும் படத்தில் ஆலைத் தொழிலாளியாக வந்து, தனக்கென ஒரு தனி வீடு அமையாதா என்று கனவு காணும் பாட்டு ஒன்றைப் பாடினார். வாழ்நாளெல்லாம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ஓய்வு பெறும் நாளில் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேறும் நம் போன்றோர்க்கு அப்பாட்டு எத்தகையது என்று விரிக்க வேண்டுவதில்லை. 1940இல் ஜிந்தகி படத்தில் அவர் பாடிய தாலாட்டை இந்தி அறியாத தமிழ்த் தாய்மார்களும் இக்காலனியில் பாடக் கேட்டிருக்கிறோம். வங்காளியிலும் அவர் தெளிவாகப் பாடினார். ரவீந்திரநாத தாகூரின் பாடல்களைப் பாட வங்காளியர் அல்லாத ஒருவர்க்கு இசைவு கிடைத்தது அந்நாளில் சிறிய செய்தியன்று. எம் அண்டை வீட்டு அன்பர் சைகலைப் பஞ்சாபியர் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

1938இல் வந்த ஸ்ட்ரீட் சிங்கர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முன்னரே பாடிப் பதிவு செய்துகொண்டு, படம் பிடிக்கும்போது வாயசைக்கும் முறையை நியூ தியேட்டர்ஸார் 1935இலேயே கையாளத் தொடங்கிவிட்டனர். வசதியான முறை, இன்றளவும் அதுவே வழக்கில் உள்ளது. ஆனால் இந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கு மட்டும் சைகல் அதற்கு இசையவில்லை. தெருப்பாடகனாக ஹார்மோனியத்தைத் தோளில் தொங்கவிட்டு நடந்துகொண்டே, கேமராவின் முன்பாகவே பாடுவேன் என்றார். அவ்வாறே அவர் நடக்க, ஒலிவாங்கி படத்தில் தெரியாதவாறு உடன் செல்ல, அந்தப் பாட்டு பதிவாயிற்று.

அப்பாட்டை இயற்றியவர் அவத் நாட்டின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா என்பது மரபு. 1856இல் ஆங்கிலேயர் அவர் நாட்டைப் பறித்துக்கொண்டனர். லக்னோவை விட்டு நீங்கிய அவர், மணமாகித் தந்தை வீட்டை விட்டுப் புறப்படும் பெண்ணின் வாய்மொழியாகத் தம் துயரைப் பாடினாராம். ராகம் பைரவி, நம் சிந்துபைரவிக்கு நெருங்கிய உறவு. நவாப் எஞ்சிய வாழ்நாளைக் கழித்த இடம் கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள மட்டியாபுருஜ். அதையொட்டியே கார்டன் ரீச்சில் நமது தென்கிழக்கு இரயில்வேயின் தலைமை அலுவலகம் இருக்கிறது. கோப்பு எடுத்துக்கொண்டு அங்கே செல்லும் நம்மவர் எத்தனை பேர் இதை நினைத்திருப்போம்? எம் அன்னையார் கும்பகோணத்தை விட்டுப் புறப்பட்ட நாளில் ஸ்டேஷனில் அழாமல் வந்ததாகவும், இங்கே வந்த இரண்டாம் மாதம் அண்டை வீட்டு அம்மையார் இந்தப் பாட்டின் பொருளைச் சொன்ன அன்று அழுததாகவும் எமக்குச் சொல்லியிருக்கிறார்.

1941ஆம் ஆண்டின் இறுதியில் சைகல் கல்கத்தாவை விட்டுப் பம்பாய் சென்றார். ரஞ்சித் கம்பெனியில் 1942இல் பக்த சூர்தாஸ், 1943இல் தான்சேன் என இரு பெரும் வெற்றிகள். பணமும் வந்தது, வந்த பணம் கேட்டவர் கைக்கெல்லாம் போயிற்று. கூடவே குடியும் வளர்ந்தது. இதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது. ஹார்மோனியத்தில் சுருதியைக் கறுப்புக் கட்டையின் எண்ணைக் கொண்டு குறிப்பது வழக்கம். சைகல் தம் மதுக் கிண்ணத்துக்கு ஐந்தாம் கறுப்புக் கட்டை என்று பெயர் வைத்திருந்தார். அதைச் சேர்த்தால்தான் குரலில் சுருதி சேரும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. 1946இல் ஷாஜஹான் படத்துக்கு இசையமைத்த நௌஷாத் ஒரு காரியம் செய்தார். மது அருந்தாமல் ஒருமுறையும் அருந்திய பின் ஒருமுறையும் ஒரே பாட்டைப் பாடச் செய்து, இரண்டையும் அவருக்கே போட்டுக் காட்டினார். எது எதுவென்று சொல்லாமல் கேட்டபோது, சைகல் சிறந்தது என்று தேர்ந்தது அருந்தாமல் பாடியதையே. இது முன்னரே தெரிந்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருக்கலாமே என்று அவர் வருந்தியதாக நௌஷாத் பிற்காலத்தில் பலரிடம் கூறியிருக்கிறார்.

இந்நிகழ்ச்சியை எமக்கு முதலில் சொன்னவர் எம் தந்தையார். சொன்ன நேரம் இரவு. அவருக்கும் அப்பழக்கம் இருந்தது. காலனியில் மூத்தோர் அறிவர். சம்பள நாளிலிருந்து ஒரு வாரம் இரவில் டேப் ரிகார்டரில் ஷாஜஹான் பாடல்கள் ஓடும். காலையில் கேட்ட அதே குரல்தான். ஆயினும் போர்வைக்குள் விழித்துக்கொண்டு படுத்திருந்த எமக்கு அது வேறு ஒருவர் குரல் போலவே தோன்றும். காலைக் குரல் கேட்டால் தோளில் பை ஏறும். இரவுக் குரல் கேட்டால் வயிற்றில் ஏதோ இறுகும். நௌஷாத் கதையைச் சொல்லிவிட்டுத் தந்தையார் நெடுநேரம் சிரித்தார். யாமும் உடன் சிரித்தோம். அப்போது எமக்கு வயது பதினொன்று.

ஷாஜஹானுக்குப் பிறகு சைகலின் உடல் தேறவில்லை. நீரிழிவும் கல்லீரல் நோயும் முற்றின. பம்பாயை விட்டுக் குடும்பத்தார் இருந்த ஜலந்தருக்குச் சென்றார். அங்கே 1947ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் காலமானார். நாடு விடுதலை பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. பர்வானா என்னும் அவருடைய கடைசிப் படம் அவர் மறைந்த பின்னரே வெளிவந்தது. பதினைந்து ஆண்டுத் திரைவாழ்வில் அவர் நடித்த படங்கள் ஏறத்தாழ முப்பத்தாறு; பாடியவை இருநூறுக்கும் குறைவே. இன்று ஒரு பாடகர் சில ஆண்டுகளில் பாடிவிடும் எண்ணிக்கை அது. ஆனால் அவருக்குப் பின் வந்த முகேஷ் 1945இல் பாடிய ஒரு பாட்டைச் சைகலுடையது என்றே மக்கள் மயங்கினர். ஷாஜஹானில் சைகலோடு ஒரு பாட்டின் குழுவில் நின்று ஓர் அடி பாடிய இளைஞர் முகம்மது ரஃபி. லதா மங்கேஷ்கரும் கிஷோர் குமாரும் அவரையே தம் மானசீக ஆசானாகக் கொண்டிருந்தனர்.

எம் தந்தையார் 1997ஆம் ஆண்டு பணியில் இருக்கும்போதே காலமானார். நோயும் அதுவே. யாம் அப்போதுதான் மெட்ரிகுலேஷன் தேறியிருந்தோம். அடுத்த ஆண்டு, பதினெட்டு வயது நிரம்பியதும், கருணை அடிப்படையில் எழுத்தர் வேலை கிடைத்தது. மேற்கொண்டு படிக்க இயலவில்லை என்ற குறை எமக்கு நெடுநாள் இருந்தது. அக்குறையைச் சைகலின் தலையிலும் சிறிது ஏற்றிவைத்திருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். அன்னையார் டேப் ரிகார்டரைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். காலை வானொலியும் நின்றது. சுவரில் ஒரு கடிகாரம் வாங்கி மாட்டினோம். பல ஆண்டுகள் எம் வீட்டில் அந்தக் குரல் ஒலித்ததில்லை. எம் வயது நாற்பத்திரண்டைக் கடந்த ஆண்டில்தான், சைகல் இத்தனை இளையவராகவா போனார் என்ற எண்ணம் முதன்முதலாக எழுந்தது. அன்றுமுதல் சினம் சிறிது தணிந்தது எனலாம்.

இக்கட்டுரைக்காகச் செய்திகளைத் திரட்டியபோது, தமிழ்த் தேவதாஸ் உண்மையிலேயே 1937ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்தது என்றும், பி. வி. ராவ் இயக்கிய அப்படத்தில் சைகல் இரு பாடல்களைத் தமிழில் பாடியுள்ளார் என்றும் உறுதியாயிற்று. எம் மகள் அதில் ஒன்றைக் கைப்பேசியில் தேடி எடுத்துவிட்டாள். தந்தையார் கல்கத்தாக் கடைகளில் இருபதாண்டு தேடியது, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இரண்டு நிமிடத்தில் அகப்பட்டது.

ஒரு ஞாயிறு மாலை அன்னையாரை அருகில் அமர்த்தி அதைப் போட்டோம். தேய்ந்த தட்டின் இரைச்சலினூடே அக்குரல் எழுந்தது. தமிழ்ச் சொற்கள் அவர் நாவில் பட்டுச் சற்றே வளைந்துதான் வந்தன; இந்நாட்டில் பிறந்து வளர்ந்த நம் பேரப்பிள்ளைகள் பேசும் தமிழ்போல. எம் மகள் சிரித்தாள். அன்னையார் சிரிக்கவில்லை. முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு இறுதிவரை கேட்டார். இதை அந்த டிக்கெட் பரிசோதகருக்குக் காட்ட வேண்டுமே என்றார். அவர் விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்து, அங்கேயே காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின என்று நினைவூட்டினோம். மீண்டும் ஒருமுறை போடச் சொன்னார்.

பாட்டு முடிந்ததும் அன்னையார் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறரை. விளக்கேற்ற எழுந்து சென்றார்.